நாய்க்கு வெப்பத் தாக்கு

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அது 41-ஐத் தாண்டினால் மூளை, சிறுநீரகம், குடல் எல்லாம் பழுதாகத் தொடங்கும். நாய்க்கு மனிதரைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. அதனால்தான் மூக்குச் சப்பையான பக் இன நாய்கள் எளிதில் துவண்டு விழுகின்றன.

ஓயாத இரைப்பு, கெட்டியான எச்சில், தள்ளாட்டம் ஆகியவை அறிகுறிகள். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் இரத்த ஓட்டம் தளர்ந்திருக்கக்கூடும்.

முதலில் குளிர்விப்பு, பிறகே மருத்துவமனை. நிழலில் கிடத்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியைத் திருப்பிவிட வேண்டும். கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் இதற்கு உதவாது, அதுவே சுடும். ஈரத் துண்டால் போர்த்திவைப்பது பலர் செய்யும் தவறு. துண்டு சூடேறி, வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். வெப்பம் 39.5-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிடலாம். நினைவில்லாத நாயின் வாயில் தண்ணீர் புகட்டினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

பூனைக்கு இந்த நிலை அரிது. ஆனால் வாயைத் திறந்து இரைக்கும் பூனையை உடனே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்தால், ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் பறிக்கலாம்.