உங்களுக்குத் தெரியுமா? ஆற்று இறாலின் கடிகாரம் தண்ணீரின் சூடு!

‘ஆயர் ஈத்தாம்’ என்றால் கறுப்புத் தண்ணீர். ஜொகூரின் இந்தச் சிற்றூரில் பீங்கான் வாங்க வண்டியை நிறுத்துபவர்கள், கோத்தா திங்கி வரை போனால் ஜொகூர் ஆற்று இறாலான ‘உடாங் காலா’வைச் சுவைத்துவிட்டு வரலாம். ‘காலா’ என்றால் கழி. நீண்ட நீலக் கைகளால் வந்த பெயர்.

தாய் இறால் முட்டைகளை வயிற்றடியில் சுமக்கும். தண்ணீர் 28 டிகிரி செல்சியஸ் இருந்தால் ஏறக்குறைய 20 நாளில் பொரியும். ஆரஞ்சு நிற முட்டை சாம்பல் நிறமானால் வேளை நெருங்கிவிட்டது. பிறகு குஞ்சுக்கு 11 பருவங்கள். 28 முதல் 31 டிகிரிக்குள் அவை ஒரு மாதம்போல எடுக்கும். நீர் குளிர்ந்தால் இழுத்துக்கொண்டே போகும். 14க்குக் கீழும் 35க்கு மேலும் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் மலேசியாவில் ஆண்டெல்லாம் வளர்க்க முடிகிற இறாலை அமெரிக்காவின் கெண்டக்கியில் கோடைக்கு மட்டும் குளத்தில் விடுகிறார்கள்.

சூடு மட்டும் போதாது. 1960களின் தொடக்கத்தில் பினாங்கு குளுகோரில் ஆய்வாளர் ஷாவ் வென் லிங் வளர்த்த குஞ்சுகள் நன்னீரில் செத்துக்கொண்டே இருந்தன. உப்புக் கலந்த நீரில்தான் பிழைத்தன. துப்புக் கொடுத்தது உப்பான சோயா சாஸ் என்றொரு கதையும் உலவுகிறது!