நடுவில் காற்று வைத்த சுவர்

கேரளத்து ஊரான விதுராவின் ஈரப்புழுக்கத்துக்கு மின்விசிறிதான் தீர்வா? சுவருக்குள்ளேயே காற்றை அடைத்துவைக்கலாமே!

திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) பரவலாக்கிய ‘எலிப்பொறிக் கட்டு’ முறையில் செங்கற்களைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்துவார்கள். இரு வரிசைகளுக்கு நடுவே இடைவெளி விழும். அங்கே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெளிச்சூடு உள்ளே வரத் தாமதமாகும். செங்கலும் சுமார் 25 சதவீதம் மிச்சம். சூளையில் எரிபொருள் குறைகிறது, எளியவர்க்கும் வீடு கட்டுப்படியாகிறது.

1970களில் அதே நகரில் எழுந்த வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தில் பேக்கர், துளைகள் விட்டுக் கட்டும் செங்கல் ஜாலிகளையும் தாராளமாக வைத்தார்: காற்று வரும், கண் கூசாது, ஜன்னல் சட்டச் செலவும் இல்லை. (கொசுவும் வரும்!)

எலிப்பொறிக் கட்டு முறையில் கட்ட நினைப்பவர்கள் மின்குழாய்ப் பாதையை முதலிலேயே முடிவுசெய்துவிடுங்கள். பிறகு இந்தச் சுவரை வெட்டுவது சிரமம்.