பெரட்டு முதல் முள்ளுத்தேங்காய் வரை

ரந்தாவ், லிங்கி, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்கள் ரப்பரைக் 'கித்தா' என்பார்கள். மரப்பாலைக் குறிக்கும் 'கெத்தா' என்ற மலாய்ச் சொல்தான் தமிழ் நாவில் அப்படி ஆனது. நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழில் இத்தகைய சொற்களுக்குப் பஞ்சமில்லை. கொச்சை என்று அவற்றை ஒதுக்குவது அநியாயம்.

அதிகாரத்தோடு வந்த சொற்கள் பெரும்பாலும் இரவல். விடியுமுன் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுப்பது 'பெரட்டு'. ஆங்கிலப் 'பரேட்' என்பதன் திரிபு. வரிசை வீடுகளான 'லயம்', 'லைன்' என்பதிலிருந்து வந்தது. கணக்கர் 'கிராணி', மலாயில் 'கெராணி'. கங்காணி மட்டும் நம் 'கண்காணி'. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வந்த முறையை 1938-இல் இந்திய அரசு தடுத்தது. சொல் மட்டும் தோட்டத்திலேயே தங்கிவிட்டது.

மரத்தடிக்கு வந்தால் தமிழ் தானே சொல் படைக்கிறது. காலைக் குளிர்ச்சியில் பட்டைக்குள் பாலின் அழுத்தம் கூடுதலாக இருக்கும். அதனால்தான் இருட்டோடு வெட்டப் போவார்கள். சாய்வாகச் சீவிய கோட்டில் பால் வழிந்து மங்கில் சொட்டும். ('மங்கு', மலாய் 'மங்கோக்', கிண்ணம்.) ஓட்டம் நின்றபின் வெட்டுக்கோட்டிலேயே காய்ந்து நாடாபோல ஒட்டிக்கிடப்பது ஒட்டுப்பால். அடுத்த முறை அதை உரித்துப் பையில் போட்டுக்கொண்ட பிறகே கத்தி வைப்பார்கள். பால் எடுத்தபின் மங்கில் சொட்டி உறைவது கட்டிப்பால். இரண்டும் வேறு என்று பிரித்தறிந்து பெயரிட்டவர்கள், அன்றாடம் கையால் தொட்டுப் பார்த்த தொழிலாளர்கள். வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கம்பு காண்டா. 'நாசி காண்டார்' என்ற உணவுப் பெயரிலும் அதே சொல்தான்.

பிறகு கித்தா மரங்கள் வீழ்ந்த இடங்களில் செம்பனை வந்தது. புத்தகத் தமிழ் அதை எண்ணெய்ப்பனை என்றும் சொல்லும். தோட்டம் வைத்த பெயரோ முள்ளுத்தேங்காய். மட்டையிலும் குலையிலும் முள் இருப்பதால் வந்த பெயர். தாவரவியலும் தென்னையையும் எண்ணெய்ப்பனையையும் ஒரே இனக்குழுவில்தான் வைக்கிறது. பள்ளிக்கூடம் பார்க்காதவர்களின் கண் பிசகவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். வீட்டில் பால் வெட்டிய பாட்டியோ தாத்தாவோ இருந்தால், ஒரு மாலை உட்கார்ந்து அவர்கள் சொல்லும் தொழிற்சொற்களைப் பொருளோடு எழுதி வையுங்கள்.