புறாத்தீவில் கண்ட இளஞ்சிவப்பு நத்தை

நான் எமது வானொலியில் பேசிய இவ்விடயத்தை எழுத்திலும் தரும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் ஊருக்குப் போகவிருக்கும் பெற்றோருக்கு இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

நான் நிலாவெளியில் பிறந்தவன். 1985இல் ஊரை விட்டு வெளிக்கிட்டேன். 2018 கோடை விடுமுறையில்தான் ஜேர்மனியில் பிறந்த என் மகளுக்கு அந்தக் கடலைக் காட்ட முடிந்தது. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாத்தீவு இருக்கிறது. 2003இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவைச் சுற்றி முருகைக்கற் பாறைகள். கண்ணாடி அணிந்து நீந்திய மகள் ஒரு கல்லின் பக்கத்தில் எதையோ கண்டு கமராவில் படம் எடுத்து வந்தாள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. கறுப்பு உடல், அதன்மேல் இளஞ்சிவப்பு வரம்புகள்.

“இது கடலட்டைக் குஞ்சு” என்றேன் நான், எல்லாம் தெரிந்தவன் போல.

“இல்லை அப்பா. தலையில ரெண்டு கொம்பு இருக்குப் பாருங்கோ” என்றாள்.

அவள் சொன்னதே சரி. கடலட்டைக்குக் கொம்பு கிடையாது. அது ஓடில்லாத ஒரு கடல் நத்தை. இங்கே மழை பெய்த மறுநாள் எங்கள் தோட்டத்துச் சலாட் இலைகளைத் தின்று தீர்க்கிறதே, அந்த ‘நாக்ட்ஷ்னெக்கே’யின் தூரத்துச் சொந்தம். என் பிழையிலும் ஒரு நியாயம் உண்டு. ஒரு வகைக் கடலட்டையின் குஞ்சு இந்த நத்தைக் குடும்பத்தில் ஒன்றைப் போலவே நிறம் கொண்டிருக்கும். நத்தை நஞ்சுள்ளது என்பதால் மீன்கள் குஞ்சையும் தொடாமல் விட்டுவிடும்.

வீடு திரும்பியதும் நூலகத்திலிருந்து கடலுயிர் நூல்களை எடுத்து வந்து இருவரும் தேடினோம். நாங்கள் பழகிய முறை இதுதான்.

முதலில் கொம்பு. தலையில் உள்ள இரண்டு கொம்புகளும் நத்தைக்கு மூக்குப் போன்றவை. நீரில் வரும் வாசனையை அவற்றால் அறியும். கடதாசி போல மெல்லிய தட்டைப்புழுக்களும் இதே நிறங்களில் உண்டு. ஆனால் அவற்றுக்கு இப்படியான திரண்ட கொம்புகள் இல்லை.

இரண்டாவது செவுள். பல கடல் நத்தைகளுக்கு முதுகின் பின்புறத்தில் பூப்போல விரிந்த செவுள் இருக்கும். எங்கள் படத்தில் அது இல்லை. அப்படியானால் செவுள் உடலின் ஓரத்து மடிப்புக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. முதுகிலோ கடினமான புடைப்புகள். இந்தக் குடும்பத்துக்கு ஜேர்மன் மொழியில் ‘வார்ட்சென்ஷ்னெக்கென்’, அதாவது மரு நத்தைகள் என்று பெயர்.

மூன்றாவது, அந்த மருக்களின் ஒழுங்கு. நீலச் சாம்பல் வரம்புகளில் மஞ்சள் நுனி கொண்ட மருக்கள், கொம்புகளும் மஞ்சள் என்றால் அது பிலிடியா வரிகோசா. கறுப்பு உடலில் இளஞ்சிவப்பு மருக்கள் கொத்துக் கொத்தாகத் தனித்து நின்றால் பிலிடியெல்லா புஸ்துலோசா. அந்த இளஞ்சிவப்பு தனித்தனி மருக்களாக நில்லாமல் நீளவாக்கில் வரம்புகளாக ஓடினால் பிலிடியெல்லா செய்லானிகா. எங்கள் படத்தில் வரம்புகள் தெளிவாக நீளவாக்கில் ஓடின.

‘செய்லானிகா’ என்றால் இலங்கைக்குரியது என்று பொருள். அந்தப் பெயரை 1859இல் வைத்தவர் எட்வேர்ட் பிரெடரிக் கெலார்ட். 1819இல் இலங்கையிலேயே பிறந்த பறங்கியர், படை மருத்துவர். முத்துச்சிப்பிகளை ஆராய்ந்தவர், திருகோணமலைக் கடலில் இந்த நத்தைகளையும் தேடினார். 1860இல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கப்பலிலேயே காலமானார்.

இவ்வகை நத்தைகளைச் சாராயத்தில் போட்டு வைத்தால் நிறம் போய்விடும். உடலும் சுருங்கிவிடும். போத்தலில் எஞ்சுவதைப் பார்த்து, உயிரோடு அது எப்படி இருந்தது என்று சொல்வது கடினம். ஆனால் கெலார்ட்டின் வர்ணப் படங்கள் தப்பிப் பிழைத்தன. 1906இல் சார்ள்ஸ் எலியட் என்பவர் அந்தப் படங்களையும், இங்கிலாந்தின் நியூகாசில் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய சேகரிப்புகளையும் ஆராய்ந்து, தென்னிந்திய, இலங்கைக் கடல் நத்தைகள் பற்றிக் கட்டுரை எழுதினார். ஒருவர் காலமாகி நாற்பத்தாறு வருடங்களுக்குப் பின்பும் அவருடைய படம் பேசியது.

நிறம் மட்டும் போதுமா என்றால் போதாது. இங்கே பொண் நகரிலுள்ள கோனிக் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஹைக்கே வேகலே அம்மையாரும் இந்தோனேசிய ஆய்வாளர்களும் இந்த மரு நத்தைகளின் மரபணுவையும் உடலிலுள்ள இரசாயனங்களையும் சேர்த்து ஆராய்ந்து 2022இல் முடிவுகளை வெளியிட்டார்கள். புஸ்துலோசா என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டவற்றுக்குள் பல இனங்கள் மறைந்திருப்பதை இத்தகைய மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே ஒரு படத்தைப் பார்த்து “இதுதான்” என்று அடித்துச் சொல்வதைவிட “இதைப் போன்றது” என்று சொல்வதே நேர்மை. நாங்களும் எங்கள் படத்தின் கீழே அப்படித்தான் எழுதினோம்.

பிள்ளைகளுக்கு முக்கியமாக ஒன்று சொல்லி வையுங்கள்: தொடக்கூடாது. மரு நத்தைகளுக்குப் பல்லே இல்லை. கடற்பஞ்சை உமிழ்நீரால் கரைத்து உறிஞ்சிக் குடிக்கின்றன. பஞ்சிலுள்ள நஞ்சைத் தம் உடலில் சேர்த்து வைக்கின்றன. வரிகோசாவின் சளி தொட்டியிலுள்ள மீன்களைக் கொன்றுவிடும் என்பதை ஜொஹான்னஸ் என்ற ஆய்வாளர் 1963இலேயே எழுதினார். அந்தப் பளிச்சென்ற நிறம் அழகுக்கல்ல, எச்சரிக்கைக்கு.

ஆகவே படம் மட்டும் எடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, கொம்புகள் தெரியக் கிட்டவாக ஒன்று. அது எதன்மேல் இருந்தது என்பதும் படத்தில் விழட்டும். நீளத்தை உத்தேசமாகக் குறியுங்கள். இடம், திகதி, ஆழம் மூன்றையும் அன்றிரவே கொப்பியில் எழுதுங்கள். இடமும் திகதியும் இல்லாத படம் வெறும் ஞாபகப் படம். இரண்டும் இருந்தால் அது சான்று.

என் கடலை மகளுக்குக் காட்டவென்று போனேன். அந்தக் கடலில் இருந்த ஒன்றின் பெயரை எனக்குச் சொல்லித் தந்தவள் அவள்தான். அவளுடைய கொப்பியின் முதற் பக்கத்தில் ‘நிலாவெளி, புறாத்தீவு’ என்று தமிழில் எழுதியிருக்கிறது. எழுத்துக் கொஞ்சம் கோணல்தான். ஆனால் திருத்த எனக்கு மனம் வரவில்லை.