பூஜ்யம் செய்யும் குழப்பம்

2001 பிப்ரவரி 28-ல் கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. தலைமுறைகளாகச் சுரங்கத்தை நம்பியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பிழைப்புக்கு வெளியூரைத் தேட வேண்டியதாயிற்று. பங்காருபேட்டையில் பெங்களூர் ரயிலைப் பிடிப்பது பலருக்கு அன்றாட வாடிக்கை. கடல் கடந்து போகிறவருக்கோ வீட்டோடு உறவு தொலைபேசியில்தான். அங்கே குழப்புவது ஒரு பூஜ்யம்.

பங்காருபேட்டையின் எஸ்.டி.டி. குறியீடு 08153. முன்னால் நிற்கும் பூஜ்யம் உள்நாட்டு அழைப்புக்கு மட்டுமே. துபாயிலிருந்து அழைத்தால் அதை விட்டுவிட வேண்டும்: 00, 91, 8153, பிறகு வீட்டு எண். இங்கிருந்து மலேசியாவுக்கும் அப்படியே: 00, 60, பின்னர் முதல் பூஜ்யம் நீங்கலாக அங்குள்ள எண். சிங்கப்பூருக்கு 65 போதும். ஊர்க் குறியீடு கிடையாது.

செல்போனில் 00-க்குப் பதில் + போடலாம். புறப்படும் முன்பே வீட்டு எண்ணை +91 சேர்த்துப் பதிந்துகொண்டால், எந்த நாட்டில் இறங்கினாலும் ஊர் கிடைக்கும்.