இயக்குநருக்கும் கல்வி வேண்டும்

பெங்களூர், பயிற்சியின் அருமையை நெடுங்காலமாக அறிந்த நகரம். 1940-இல் தொடங்கப்பெற்ற விமானத் தொழிற்சாலையிலும், 1948-இல் தோன்றிய தொலைபேசித் தொழிற்சாலையிலும், தமிழகத்திலிருந்து சென்ற இளைஞர் பலர் தொழில் பயின்று முன்னேறினர். இன்றோ, இன்போசிஸ் நிறுவனத்தில் சேரும் பட்டதாரிகள் மைசூரில் உள்ள பெரியதொரு பயிற்சி வளாகத்தில் பாடம் கேட்கின்றனர். வேலைக்குப் புதியவர் கற்கவேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால், அத்தகைய நிறுவனங்களின் உச்சியில் அமர்ந்து முடிவு செய்யும் இயக்குநர்கள் கற்கவேண்டியது ஒன்றும் இல்லையா? இவ்வினாவையே ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

இயக்குநர் குழு என்பது யாது? ஒரு கம்பெனியின் பங்குதாரர்கள் பல்லாயிரவர். அவர்கள் அனைவரும் கூடி நாள்தோறும் நிர்வாகம் செய்தல் இயலாது. ஆகவே, தம் சார்பில் மேற்பார்வை செய்யச் சிலரை நியமிக்கின்றனர். அவர்களே இயக்குநர்கள். பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனியில் இவர்களுள் மூன்றில் ஒரு பங்கினரேனும், கம்பெனியோடு வேறு தொடர்பற்ற சுயேச்சை இயக்குநர்களாக இருத்தல் வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் விதி. குழு ஆண்டுக்கு நான்கு முறையேனும் கூடவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. வெளியிலிருந்து வரும் ஒருவர், ஆண்டில் சில நாட்களே கண்ணுறும் ஒரு தொழிலைப் பற்றிக் கோடிக்கணக்கான ரூபாய்க்குரிய முடிவுகளுக்கு உடன்படவேண்டியுள்ளது என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

இது செல்வர் விவகாரம், நமக்கென்ன என்று எண்ணுதல் பொருந்தாது. 2015 ஆகஸ்டு முதல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் ஒரு பகுதியும் பங்குச் சந்தையில் முதலீடு செய்யப்படுகிறது. எனவே, ஒரு பங்கும் வாங்கியறியாத தொழிலாளியின் முதுமைக்காலச் சேமிப்பும் அவர் கண்டிராத இயக்குநர்களின் விழிப்பை ஓரளவு நம்பியிருக்கிறது.

அவ்விழிப்புத் தவறினால் விளைவது யாது என்பதை ஐதராபாத்தின் சத்யம் நிறுவனம் நாடறியக் காட்டியது. அதன் இயக்குநர் குழுவில் புகழ்பெற்ற பேராசிரியரும், மத்திய அரசின் முன்னாள் அமைச்சரவைச் செயலாளரும் இருந்தனர். கல்வியிலோ அனுபவத்திலோ குறையுடையவர் என்று அவர்களைக் கூற முடியாது. ஆயினும், நிறுவனத் தலைவரின் குடும்பத்தினரைச் சேர்ந்த இரு கம்பெனிகளை 160 கோடி டாலர் அளவில் வாங்கும் திட்டத்திற்கு 2008 டிசம்பர் 16-ஆம் நாள் அக்குழு இசைவளித்தது. முதலீட்டாளர்கள் வெகுண்டெழவே, திட்டம் உடனே கைவிடப்பட்டது. 2009 சனவரி 7-இல் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் உண்மையை வெளியிட்டது. கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய்க் கையிருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம்!

பயிற்சி ஒன்றே இம்மோசடியைத் தடுத்திருக்கும் என்று கூறுவது மிகையாகும். தணிக்கையாளர்களின் கையொப்பம் பெற்ற கணக்கு அது. ஆயினும், 'வங்கிகளிடமிருந்து இருப்புச் சான்று நேரில் பெறப்பட்டதா?' என்பது போன்ற எளிய கேள்வியைத் தவறாமல் எழுப்பும் பழக்கம் ஒரு பெருங்காவல். எந்தக் கேள்வியை எப்பொழுது எழுப்புவது என்பதே இயக்குநர் கற்கவேண்டிய முதற்பாடம்.

இத்தேவையைப் பெங்களூர்க்காரர் ஒருவர் முன்னரே உணர்ந்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. இன்போசிஸ் நிறுவனத் தலைவராக இருந்த நாராயண மூர்த்தியின் தலைமையில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வாரியம் ஒரு குழுவை அமைத்தது. 2003-இல் அக்குழு அளித்த அறிக்கை, கம்பெனியின் தொழில்முறை, அதில் உள்ள இடர்கள், இயக்குநரின் பொறுப்புகள் ஆகியவற்றில் இயக்குநர்களுக்குப் பயிற்சி அளிப்பது நன்று எனப் பரிந்துரைத்தது. எனினும் அது கட்டாயமாக்கப்படவில்லை. சத்யம் வீழ்ந்த பின்னரே நிலைமை மாறியது. சுயேச்சை இயக்குநர் தம் அறிவையும் திறனையும் இடையறாது புதுப்பித்துக்கொள்ளல் கடமை என 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் அட்டவணை வகுத்தது. அவர்களுக்குத் தொழிலை அறிமுகம் செய்விக்கும் பொறுப்பை, 2015-ஆம் ஆண்டுச் செபி விதிகள் கம்பெனிகள்மீது சுமத்தின. 2019 டிசம்பரில் சுயேச்சை இயக்குநர்களுக்கெனப் பெயர்ப் பதிவேடும், அனுபவம் மிக்க சிலர் நீங்கலாக ஏனையோர்க்கு ஒரு தேர்வும் ஏற்பட்டன.

தேர்வு நல்லதே. ஆயினும் அது வாயிலில் நிற்கும் காவலைப் போன்றது. உள்ளே சென்றவர் பின்னர் என்ன கற்றார் என்பதை அது கூறாது. ஒரு சுயேச்சை இயக்குநரின் பதவிக்காலம் ஐந்தாண்டு வரை நீளலாம். மறுமுறையும் அவர் நியமனம் பெறலாம். அதற்குள் வரிச்சட்டம் மாறுகிறது. கணக்கெழுதும் முறை மாறுகிறது. கணினி வழியே தகவல்களைக் களவாடும் புதுவகைத் திருட்டும் வளர்கிறது. பத்தாண்டுக்கு முன் கற்றதை மட்டும் கொண்டு இவற்றை மதிப்பிடுவது எங்ஙனம்?

'வயதிலும் புகழிலும் உயர்ந்தோரை மாணவராக்குவது மரியாதைக் குறைவன்றோ?' எனச் சிலர் வினவலாம். வள்ளுவர் கல்வி, கல்லாமை, கேள்வி என்னும் அதிகாரங்களை அரசனுக்குரிய பகுதியில் அடுத்தடுத்து வைத்தார். ஆள்பவன் கற்றலோடு அமையாது, பிறர் கூறக் கேட்டலும் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையால் நாம் பெறும் கருத்து. அரசனுக்குக் குறைவாகாத ஒன்று இயக்குநருக்கு எவ்வாறு குறைவாகும்?

பயிற்சி சடங்காகிவிடலும் கூடாது. தொழிற்சாலையை ஒரு முற்பகலில் சுற்றிக் காட்டி, விருந்தளித்து அனுப்புவது பயிற்சியாகாது. ஐந்தொகையை வரிவரியாகப் படித்தல், வீழ்ந்த நிறுவனங்களின் வரலாற்றை ஆராய்தல், தொழிலின் இடர்களை அத்துறையில் உழைப்போரிடமே கேட்டறிதல் ஆகியவையே பயன்தருவன.

பிற மாநிலங்களில் உழைத்துச் சிறுகச் சிறுகச் சேமிக்கும் நம்மவர் இதில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. சிறிய கம்பெனிகள் நீங்கலாக, பங்குச் சந்தையில் இடம்பெற்ற ஒவ்வொரு கம்பெனியும், அதன் சுயேச்சை இயக்குநர்கள் எத்தனை அறிமுகப் பயிற்சிகளில் எத்தனை மணி நேரம் பங்குகொண்டனர் என்பதைத் தன் இணையதளத்தில் வெளியிடவேண்டும் என்பது விதி. பங்கு வாங்குமுன் ஆதாயத்தை மட்டும் நோக்காது, இவ்விவரத்தையும் நோக்குக. பங்குதாரராயின், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அதுபற்றி வினவுக. நம் பணத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர் இன்னும் கற்கின்றாரா என்று கேட்பது நமது உரிமை.