இழுக்காத இழுவைப் படகு

பெயர்தான் இழுவைப் படகு, வேலையோ தள்ளுவது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில், கம்பி வடத்தால் பிணைத்த 15 சரக்குத் தோணிகளை ஒரே படகு பின்னாலிருந்து தள்ளிச் செல்லும். ஒரு தோணியில் சுமார் 1,500 டன் சரக்கு. ரயிலுக்கு உள்ளதுபோல் தண்டவாளமும் இல்லை, பிரேக்கும் இல்லை.

நீரோட்டத்தோடு வரும்போது கூரிய வளைவுதான் கண்டம். அங்கே பைலட் புரொப்பெல்லரைப் பின்னோக்கிச் சுழலவிட்டு, ஓட்டத்தைவிட மெதுவாக மிதப்பார். புரொப்பெல்லருக்கு முன்னால் உள்ள தனிச் சுக்கான்கள் படகை உட்கரையோரம் பிடித்து வைக்கும். முன்வரிசைத் தோணிகளை ஆறே திருப்பிவிடும்.

பிசகினால் விபரீதம். 1993 செப்டம்பரில் அலபாமா மாநிலத்தில், மூடுபனியில் வழி தவறிய படகின் தோணிகள் ரயில் பாலத்தில் இடித்தன. தண்டவாளம் விலகியது, அடுத்து வந்த ரயில் கவிழ்ந்து 47 பேர் மாண்டனர். பைலட்டுக்கு ராடார் பயிற்சி போதவில்லை என்றது விசாரணை.